இமையில் கட்டியா, கண்ணீர்ச் சுரப்பியில் கல்லா?

கண் இமையில் வீக்கம் வந்தால் 'சூட்டுக் கட்டி' என்று சொல்லி, விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு ஒற்றுவதும் நாமக்கட்டி உரைத்துப் போடுவதும் நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது சாதாரணக் கட்டிதான். ஆனால் சிறுநீரகத்தில் கல் உண்டாவது போல, அரிதாகக் கண்ணீர்ச் சுரப்பியிலும் கண்ணீர்க் குழாயிலும் கல் உண்டாகும். பார்வைக்கு அது இமைக் கட்டி போலவே இருக்கும்.

கட்டி இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இமை ஓரத்தில், முடியின் வேரில் சிவந்து வலிப்பது கண்கட்டி. கிருமித் தொற்றால் வருவது; சில நாட்களில் அடங்கும்.

இமையின் நடுவில் வலியில்லாமல் பட்டாணி போல் உருளுவது கொழுப்புச் சுரப்பி அடைப்பு. மருத்துவர்கள் 'சலேசியன்' என்பார்கள். வெந்நீர் ஒத்தடத்தில் சில வாரங்களில் கரையலாம்.

மேல் இமையின் வெளிக்கோடியில், அதாவது காதுப் பக்கம் வீக்கமும் உறுத்தலும் இருந்தால் கண்ணீர்ச் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இமையைத் தூக்கிப் பார்க்கும்போது மஞ்சள் வெள்ளையாகக் கல் தெரியலாம். உள்ளே புகுந்த இமைமுடியைச் சுற்றிக் கல் வளர்ந்ததும் உண்டு.

மூக்குப் பக்க ஓரத்தில் வீக்கம், ஓயாத நீர்வடிதல், பீளை ஆகியவை இருந்து, சொட்டு மருந்து போட்டும் திரும்பத் திரும்ப வந்தால், கண்ணீர்க் குழாயில் கல் இருக்கலாம். ஆக்டினோமைசிஸ் என்னும் கிருமியே இதற்கு அடிக்கடி காரணம். மருத்துவர் அழுத்திப் பார்த்தால் மஞ்சள் துகள்கள் வெளிவரும். வீட்டில் யாரும் அழுத்தக் கூடாது.

கல்லை எடுக்காமல் சொட்டு மருந்து மட்டும் போட்டால் நோய் திரும்பி வரும். மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு சிகிச்சையில் எடுத்துவிடலாம். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. குறிப்பாக, வயதானவர்களுக்கு ஒரே இடத்தில் கட்டி மீண்டும் மீண்டும் வந்தாலோ, இமைமுடி உதிர்ந்தாலோ தாமதிக்கக் கூடாது. இமைப் புற்றுநோயும் சலேசியன் போலவே தோன்றும்.

வைத்திக்குப்பத்தில் கடற்காற்றும் மணலும் கண்ணை உறுத்துவது சகஜம் என்று விட்டுவிட வேண்டாம். புதுச்சேரியிலேயே அரசு பொது மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை ஆகியவை உள்ளன.

மார்க்க விஷயத்தில் சில குறிப்புகள். கட்டி ஆறும்வரை சுருமா இடுவதை நிறுத்தி வையுங்கள். ஒருவர் சுருமாக் குச்சியை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். கண்ணில் விடும் சொட்டு மருந்தால் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் நோன்பு முறியாது. ஆகவே ரமளானைக் காரணம் காட்டி மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பின் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றால் உளூவில் சலுகை உண்டு. அதன் சட்டம் மத்ஹபுக்கு மத்ஹபு மாறுபடுவதால் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தொழுகையை விட்டுவிடாதீர்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவது நம் கடமை. அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.