பொம்மைப் படைக்கும் சீதபேதி வரணும்

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போரை மேஜை மேல பொம்மைச் சிப்பாய்களை வச்சு வாரக்கணக்கில் ஆடும் நண்பர்களே, ஒரு டாக்டரா ஒரு விதி சொல்றேன்.

1743 ஜூன், ஜெர்மனியின் டெட்டிங்கன். பிரெஞ்சுப் படையை பிரிட்டிஷ் கூட்டுப்படை ஜெயிச்சது. அன்றிரவு வீரர்கள் கூடாரமில்லாம மழையில் படுத்தாங்க. அடுத்து வந்த சீதபேதி, ஜெயிச்ச படையையே படுக்கையில் தள்ளியது.

அங்கிருந்த ராணுவ மருத்துவர் ஜான் பிரிங்கிள் 1752இல் எழுதிய நூலில் சொன்ன வழி எளிது: கழிப்பிடக் குழியை மூடு, அழுக்கேறிய முகாமை மாற்று.

அதனால, படை ஒரே இடத்தில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பகடை உருட்டுங்க. 1 விழுந்தா ஒரு கம்பெனி ஆஸ்பத்திரிக்கு.

அந்த ஆஸ்பத்திரியைத் தாக்கவும் கூடாது. அதே 1743இல் இரு தரப்புத் தளபதிகளும் அப்படித்தான் ஒப்புக்கொண்டாங்க. எதிரிப் படையின் நோயாளியும் நோயாளிதான்.