கண்டித்தல் என்னும் வினை

ஆங்கிலத்தில் 'கண்டெம்' என்றொரு வினைச்சொல் உண்டு. மாணவரிடம் அதற்குத் தமிழ் கேட்டால் 'கண்டித்தல்' என்று தயங்காமல் சொல்லிவிடுவர். விடை தவறன்று; ஆனால் பாதி விடை. கடுமையாகக் குறைகூறுவது அதன் ஒரு பொருள். நீதிமன்றத்தில் தண்டனை விதிப்பது இன்னொன்று. கட்டடத்தையோ வண்டியையோ பயனற்றதென ஒதுக்குவது மூன்றாவது. 'கண்டம் ஆன பஸ்' என்று நம் பணிமனைகளில் வழங்குவது இம்மூன்றாவது பொருளே. ஆங்கிலச் சொல் தமிழுடை உடுத்தி நிற்கிறது.

இச்சொல்லின் வேர் இலத்தீன். 'தம்னும்' என்றால் இழப்பு, தண்டம். பிரெஞ்சு மொழியின் 'கொந்தம்னே' என்பதும் அவ்வேரில் கிளைத்ததே. நம் 'கண்டித்தல்' வேறு குடியைச் சேர்ந்தது. வெட்டுதல், துண்டித்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்து, பிறர் கொள்கையை மறுத்து வெட்டுவதைக் குறித்து, பின்னர் கடிந்துரைத்தலாயிற்று. இடித்துரைத்தல் நட்பின் கடமை என்பது வள்ளுவம். தமிழில் கண்டிப்பவன் வேறு, தண்டிப்பவன் வேறு. பிரெஞ்சில் இருவருக்கும் ஒரே வினை.

அந்த ஒரே வினை என்ன செய்யும் என்பதைப் புதுச்சேரி 1716ஆம் ஆண்டிலேயே கண்டது.

நைனியப்பப் பிள்ளை பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகர், ஊரின் பெருவணிகர். அவரை அப்பதவியில் அமர்த்திய ஆளுநர் எபேரே அவ்வாண்டு பிப்ரவரியில் அவரைச் சிறையிலடைத்தார். கொடுங்கோன்மை, கலகம் என்பன குற்றச்சாட்டுகள். அவரை நீக்க வேண்டுமென்று இயேசு சபையார் நெடுநாள் வற்புறுத்தி வந்தனர். விசாரணையில் மொழிபெயர்த்தவரோ அச்சபையின் உபதேசியார் ஒருவருடைய மகன்! சாட்சிகள் தமிழில் சொன்னவை பிரெஞ்சில் பதிவாயின. தாம் படிக்கவியலாத தாள்களின் அடியில் அவர்கள் கையொப்பமிட்டனர்.

தீர்ப்பு ஜூன் மாதத்தில் வந்தது. கடைவீதியில், ஊரார் முன்னிலையில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல், மக்களுக்கு நாடு கடத்தல். குறைகூறல், தண்டனை, பயனற்றவரென ஒதுக்குதல் ஆகிய மூன்று பொருளும் ஒரு மனிதர் மீது ஒருசேர இறங்கின. 1717இல் அவர் சிறையிலேயே மாண்டார்.

கதை அங்கு முடியவில்லை. அவருடைய மக்கள் முறையீடுகள் எழுதினர். இயேசு சபையாரோடு பிணங்கியிருந்த வேறு பாதிரிமாரும், சேன் மாலோ வணிகரும் துணை நின்றனர். 1718இல் எபேர் பதவியிழந்தார். மூத்த மகன் குருவப்பர் கடல் கடந்து பாரீசு சென்று வாதாடினார். தந்தை குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டது. கிறித்தவம் தழுவி, அரசரின் வீரர் பட்டமும் பெற்றுத் திரும்பிய குருவப்பர் தந்தையின் பதவியில் அமர்ந்து, 1724இல் மறைந்தார். டான்னா அக்மோன் என்னும் வரலாற்றறிஞர் 2017இல் இவ்வழக்கைத் தனி நூலாகவே எழுதியுள்ளார்.

நைனியப்பரின் மைத்துனர் மகன்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. அவ்வழக்கு நடந்தபோது அவர் ஏழு வயதுச் சிறுவர். பின்னாளில் ஆளுநர்களின் அருகிலிருந்தே ஒவ்வொரு நாள் நிகழ்வையும் அவர் தமிழில் எழுதி வைத்தார். அதற்கு இதுவே காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆயினும், பிறர் மொழியில் எழுதிய தாளால் அழிந்த ஒரு குடும்பத்திலிருந்து, தம் மொழியில் எழுதிய ஒருவர் தோன்றினார் என்பதை எண்ணாதிருக்கவும் முடியவில்லை.

இன்று சுவர்தோறும் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்னும் தொடரைக் காண்கிறோம். வழங்கி வழங்கிக் கூர் மழுங்கிய சொல். அதை எழுதுமுன் ஒன்றை நினைக்கலாம்: நாம் கண்டிப்பவரின் சொல்லை அவர் மொழியிலேயே கேட்டோமா? கேளாமல் கண்டித்தால் அது இடித்துரைத்தல் ஆகாது. எபேரின் தீர்ப்பே ஆகும்.