சேற்றுப்புண்ணில் சேறு எங்கே?

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு மாலை, கோடம்பாக்கத்து மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால், சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர் ஒருவர், தண்ணீர் சொட்டும் ஷூவோடு. “சேத்துப்புண்ணுக்குப் பவுடர் குடுங்கண்ணே. போன மாசம் போச்சு, திரும்ப வந்துடுச்சு.” தார்ச்சாலையிலேயே நாளைக் கழிப்பவர் வாயில் வயற்காட்டுச் சொல்!

சேறு + புண் = சேற்றுப்புண். ஆறு ‘ஆற்றுநீர்’ ஆவதுபோல இங்கும் றகரம் இரட்டிக்கிறது. பேச்சில் சேத்துப்புண். விரித்தால், சேற்றால் உண்டான புண். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நோயின் பெயருக்குள்ளேயே காரணமும் இருக்கிறது. நாளெல்லாம் நடவு வயலில் நின்ற பெண்கள், இரவில் மருதாணியும் மஞ்சளும் அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுத்தார்கள். அவர்கள் பட்ட பாட்டில் பிறந்த பெயர் இது.

ஆங்கிலமோ இதை ‘விளையாட்டு வீரர் பாதம்’ என்கிறது. பலரும் வெறுங்காலோடு புழங்கும் குளியலறைகளும் நீச்சல்குளங்களும் பெருகிய இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பரவிய பெயர். மருத்துவர்கள் எழுதும் ‘டீனியா’ லத்தீன் சொல். துணியை அரிக்கும் புழுவைக் குறித்தது. உண்மைக் காரணம் புழுவல்ல, பூஞ்சை.

அப்படியானால் நம் பெயரும் தவறா? பழந்தமிழில் கனியின் சாறும் சேறுதான், இனிமையும் சேறுதான். குழைத்த சந்தனம், சந்தனச்சேறு. மண் இல்லாமலும் சேறு உண்டு. ஈரக் குழைவு இல்லாமல் சேறு இல்லை. சுண்டுவிரல் இடுக்கில் வெளுத்து ஊறிப்போன தோலைப் பாருங்கள்: பூஞ்சை குடியேறுவது அந்த ஈரத்தில்தான்.

கோடம்பாக்கத்துக்குக் கிழக்கே பரந்திருந்த நெடிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஏரி போய்ப் பெயர் நின்றதுபோல, வயல் போயும் சேற்றுப்புண் நின்றது. இன்றைய சேறு ஷூவுக்குள் இருக்கிறது.

போன புண் திரும்புவது ஏன்? அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்திவிடுகிறோம். தோலிலும் ஷூவிலும் பூஞ்சை காத்திருக்கிறது. மருத்துவர் சொன்ன நாள்வரை களிம்பைத் தடவ வேண்டும். புண் ஆறியபின் அது திரும்பாமல் காப்பது பவுடர். காலைக் கழுவி, துண்டு முனையை ஒவ்வொரு விரலிடுக்கிலும் விட்டு ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகே தூவுங்கள். ஈரத்தில் தூவினால் மாவாகக் கட்டிவிடும். சாக்ஸிலும் ஷூவிலும் கொஞ்சம் தூவுங்கள். மணக்கும் டால்கம் இதற்கு உதவாது; குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி கலந்தது வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பை நாமாக வாங்கித் தடவினால் நோய் மறைந்து பரவும். சர்க்கரை நோயாளிகள் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தவே கூடாது.

கடைக்காரர் பவுடர் டப்பாவை நீட்டினார். பிடியை விடாமல், இளைஞரின் காலைப் பார்த்துக் கேட்டார்: “வேற ஷூ இருக்கா தம்பி? இத ரெண்டு நாள் காயப் போடணும்.”