நெருப்பை மிதித்த காலும் நெருப்பை அறியாத காலும்
முண்ணாணின் ஏறு தடங்கள், இறங்கு தடங்கள்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு பார்வை

கல்முனையை அடுத்த பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் சடங்கு தீமிதிப்பில் உச்சம் கொள்கிறது. பாரதப் போரின் நாட்கணக்கே சடங்கின் நாட்கணக்கு. வனவாசம், தவநிலை என்று கதை நகர்ந்து முடிய, காப்புக் கட்டி நோன்பிருந்தவர்கள் தணலில் இறங்குகிறார்கள். அக்கரை ஏறியவரிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் விடை: "நோ தெரியல்ல."

அங்கிருந்து வடக்கே, மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைப்பதற்கென மருத்துவமனை அமைந்த தீவு. கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கொப்புளத்தைக் கண்ட பிறகே கை வெந்ததை அறியும் தொழுநோயாளியும் சொல்வது அதே இரண்டு சொற்கள்தான். தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவரும் தம் காலைக் கிள்ளிப் பார்த்து அதையே சொல்கிறார்.

வாக்கியம் ஒன்று; அதன் பின்னால் நிகழ்பவை மூன்று. முதலாமவரிடம், மூளையிலிருந்து இறங்கி நோவை அடக்கும் இறங்கு தடம் வேலை செய்கிறது. இரண்டாமவரிடம் செய்தி முண்ணாணை, அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடத்தை, எட்டுவதே இல்லை. மூன்றாமவரிடம் ஏறுவதும் இறங்குவதும் ஒருங்கே அறுந்துவிட்டன. இம்மூன்றையும் பிரித்தறியாமல் தீமிதிப்பைப் பற்றி நடக்கும் 'அற்புதமா, ஏமாற்றா' என்ற வழக்கு முடிவுக்கு வராது. நீரிழிவு பெருகிவரும் இன்றைய நிலையில் இது கால் தப்புமா என்ற கேள்வியும்கூட என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஏறும் வழி

இலங்கைப் பாடநூல்கள் முண்ணாண் என்றும் தமிழகப் பாடநூல்கள் தண்டுவடம் என்றும் சொல்லும் உறுப்பு, வளர்ந்தவரில் ஏறத்தாழ 45 செ.மீ. நீளம், சுண்டுவிரல் பருமன். உள்ளங்காலில் பட்ட சூடு இதன் கீழ்ப்பகுதியை அடைய ஏறத்தாழ ஒரு மீற்றர் பயணம் செய்யவேண்டும். அதைச் சுமக்கும் நரம்பிழைகள் இரண்டு வகை. மெல்லிய உறை போர்த்தவை வினாடிக்கு 5 முதல் 30 மீற்றர் வரை செய்தி கடத்துகின்றன. உறையற்றவை வினாடிக்கு 2 மீற்றரையும் தாண்டுவதில்லை. தமிழ் இந்த வேறுபாட்டை எப்போதோ கேட்டுவிட்டது. முதலில் வருவது 'சுரீர்'. பின்னால் வருவது 'காந்தல்'. தணலில் நடப்பவருக்கு முதற்காலடியின் காந்தல் முண்ணாணுக்கு வந்து சேரும்போது அவர் இரண்டாம், மூன்றாம் அடியில் இருப்பார்.

முண்ணாணுக்குள் நோவும் சூடும் நுழைந்த மட்டத்திலேயே நரம்புக்கலம் மாறி, எதிர்ப்பக்கம் கடந்து, முன்பக்கவாட்டுத் தடத்தில் மூளையின் தலமசை நோக்கி ஏறுகின்றன. அதிர்வும் மூட்டின் நிலையும் அப்படியல்ல. அவை நுழைந்த பக்கத்திலேயே பின்தடங்களில் ஏறி, முகுளத்தை அடைந்த பிறகே பக்கம் மாறுகின்றன. அசைவுக்கான கட்டளை பெருமூளையிலிருந்து இறங்கும்போது முகுளத்திலேயே பெரும்பகுதி பக்கம் மாறிவிடுகிறது. ஆகவே முண்ணாண் பாதி வெட்டுண்டால் விளைவு விசித்திரமானது: வெட்டுண்ட பக்கத்துக் கால் அசையாது, அதிர்வும் அறியாது, மறுபக்கத்துக் கால் நடக்கும், ஆனால் ஊசி குத்தினாலும் சூடு வைத்தாலும் அறியாது. இதை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விளக்கியவர் மொரீசியசில் பிறந்த பிரவுண் செக்கார். நரம்பு மருத்துவர் ஒரே காலை ஊசியாலும் இசைக்கவையாலும் தனித்தனியே சோதிப்பது இதனால்தான். ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு தடத்தை விசாரிக்கிறது.

தொழுநோயில் முண்ணாண் பழுதற்றே இருக்கிறது. நோய்க்கிருமி குளிர்ச்சியான தோலோர நரம்புகளின் உறைக்கலங்களில் குடியேறுவதால் செய்தி தொடக்கத்திலேயே அற்றுப்போகிறது. விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையை உடைத்தவர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த போல் பிராண்ட். விரல்களைத் தின்றது நோயன்று. உணராமல் பட்ட காயங்களும் தீப்புண்களும், அவற்றில் பற்றிய தொற்றுமே என்று அவர் காட்டினார். வேலூரில் அவர் அறுவைச் சிகிச்சையோடு பாதுகாப்பான செருப்புகளிலும் அதே அக்கறை காட்டியதன் காரணம் இதுவே.

மரத்திலிருந்து விழுந்தவரின் கதை வேறு. முறிவு முழுமையானதாக இருந்தால், சில வாரங்கள் சென்றபின் அவர் உள்ளங்காலைச் சுரண்டினால் கால் வெடுக்கென்று மடங்கும். வீட்டார் குணம் வருகிறதென்று மகிழ்வர். உண்மையில் அது முறிவுக்குக் கீழேயுள்ள முண்ணாண் தானாகச் செய்வது. சுரண்டியதை அவர் உணரவில்லை. காலை அவர் இழுக்கவும் இல்லை. மேலிருந்து வந்த அடக்கும் கட்டளை நின்றுபோனதால் அந்த மடக்கம் நாளடைவில் மிகையாகவும் ஆகிறது.

இறங்கும் வழி

இந்த 'அடக்கும் கட்டளை'தான் தீமிதிப்பை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோல். 1965இல் மெல்சாக், வோல் இருவரும் முண்ணாணின் பின்கொம்பில் ஒரு வாயில் இருப்பதாகவும், மூளை அதைத் திறந்து மூட வல்லது என்றும் முன்மொழிந்தனர். அதன் நுட்பங்கள் பின்னர் திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்தது. 1969இல் ரெயினோல்ட்ஸ், எலியின் நடுமூளையில் ஓரிடத்தை மின்னால் தூண்டி, மயக்கமருந்து இல்லாமலே வயிற்று அறுவை செய்ய முடிந்ததென அறிவித்தார். அங்கிருந்து முகுளம் வழியாக இறங்கும் இழைகள் பின்கொம்பை அடைந்து, காலிலிருந்து வரும் செய்தி அடுத்த கலத்துக்குத் தாவுவதைக் குறைக்கின்றன. இதற்கு உடல் பயன்படுத்தும் பொருள்களில், அபின் பற்றும் அதே ஏற்பிகளைப் பற்றுபவையும் உண்டு. அவற்றில் முதலாவது 1975இல் இனங்காணப்பட்டது.

இறங்கு தடத்தை இயக்குவது மருந்தோ மின்னோ மட்டுமல்ல. இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் அன்சியோவில் காயமுற்ற படையினரை ஆராய்ந்த ஹென்றி பீச்சர், பெருங்காயம் பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வலிநிவாரணி வேண்டாமென்றதை 1946இல் எழுதினார். அதே மனிதர்கள் ஊசி சரியாக ஏற்றப்படாதபோது முறையிட்டார்கள். நரம்புகள் மரத்துவிடவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. உயிர் தப்பினோம் என்ற உணர்வு ஒரு காயத்தின் நோவை அடக்கியது. ஊசிக்கு அந்தச் சலுகை இல்லை.

தணலும் தோலும்

ஓர் எதிர்வாதத்தை இங்கே எதிர்கொள்ள வேண்டும். தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்துகிறது. ஒவ்வொரு காலடியும் அரை வினாடி அளவே படிகிறது. ஆகவே கால் வேகாது. பிறகு எதற்கு மூளை, முண்ணாண்? 1935இல் இங்கிலாந்தில் காசுமீரத்துக் குடா பக்ஸ் தணலில் நடந்தபோது செய்யப்பட்ட சோதனை இந்த இயற்பியல் விளக்கத்துக்கே வலுச் சேர்த்தது.

தோல் வேகாததற்கு அது போதிய விளக்கம். நடையின் நிதானத்துக்குப் போதாது. தோலின் வெப்ப ஏற்பிகள் 43 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டிலேயே நோவுச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடும். தோல் வேக இன்னும் கூடிய சூடோ நேரமோ வேண்டும். வேகாத கால் நோகாத கால் ஆகிவிடாது. மேலும், கிழக்கின் கோயில்களில் முதுகுத் தோலில் முள் ஏற்றிக் காவடி எடுப்போரும் இருக்கிறார்கள். முள்ளின் முன் தணலின் இயற்பியலுக்கு வேலை இல்லை.

'நோவே இல்லை' என்ற மறுதரப்பும் முழு உண்மையன்று. மொரீசியசுத் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த சிகலாட்டாசு குழு 2013இல் வெளியிட்ட முடிவுகளில், நோவை அதிகம் உணர்ந்தவர்களே பிறகு அதிகமாகக் கொடையளித்தார்கள். அதாவது நோவு ஏறியது, உணரப்பட்டது, பொறுக்கப்பட்டது. இறங்கு தடம் செய்தியை அறுப்பதில்லை. அதன் ஒலியைத் தாழ்த்துகிறது. பாண்டிருப்புக்கும் இதையே பொருத்துவது ஒப்புமை வழி வரும் முடிவுதான். ஆனால் உடுக்கும் பறையும், பதினெட்டு நாள் நோன்பும், சுற்றி நிற்கும் சொந்தங்களும் சேர்ந்த சூழலில் அம்முடிவே பொருந்துகிறது. போர்க்கால மட்டக்களப்பில் களப்பணி செய்த மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ், காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு வாக்குச் சொன்ன தெய்வமாடுவோர் பிறர் பட்ட துன்பத்தைத் தம் உடலில் உணர்ந்ததைப் பதிவு செய்தார். பொருள் நோவைத் தணிக்கவும் செய்யும், எழுப்பவும் செய்யும். இறங்கு தடங்களிலும் அடக்குபவை உண்டு, தூண்டுபவையும் உண்டு.

ஒரே சொல்லின் ஆபத்து

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தவரின் பாதம், நோய் வேறாயினும், மாந்தீவின் பாதத்துக்கு நெருங்கிய உறவு. நீண்ட நரம்புகள் முதலில் பழுதாவதால் உள்ளங்கால் விறைக்கிறது. வாவியில் இடுப்பளவு நீரில் வலை வீசுபவரின் காலை ஊரியின் ஓடு கிழித்தாலும், வாவியின் மேற்கே படுவான்கரை வயலில் முள் ஏறினாலும் அவர் இரத்தத்தைக் கண்டே அறிகிறார். அவர் தீக்குழிக்குள் இறங்கும்போது இறங்கு தடத்துக்கு அடக்குவதற்கு எதுவும் வருவதில்லை. சுரீர் என்ற எச்சரிக்கையோடு நடையை விரைவாக்குபவரைப்போல் அவரால் விரைய முடியாது. விரலிடுக்கில் ஒட்டிய கனல் துண்டை உதறவும் தோன்றாது. குழியைக் கடந்தபின் அவர் சொல்வது பக்கத்தில் நடந்தவர் சொன்ன அதே சொல். அதைக் கேட்பவர் அம்மனின் அருள் என்று மகிழ்வார். புண் மூன்றாம் நாள் மணக்கத் தொடங்கும்.

இந்த இரண்டு கால்களையும் பிரித்தறிய ஆய்வுகூடம் தேவையில்லை. நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் பாதத்தைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழை ஒன்றே பெரிதும் உதவும். கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும்வரை உள்ளங்காலின் சில இடங்களில் அழுத்தி, "படுகிறதா?" என்று கேட்பார்கள். காப்புக் கட்டும் நாளுக்கு முன்பு ஊர் மருத்துவத் தாதி ஒருவர் சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய சோதனை இது. ஆரோக்கியமான பக்தருக்கு இழை படும். சடங்கன்று அவருடைய இறங்கு தடம் தன் வேலையைச் செய்யும். இழை படாதவருக்குத் தணலில் காவல் இல்லை. நேர்த்தியைத் தீர்க்க அவருக்கு மடைப்பெட்டியும் பாற்குடமும் இருக்கின்றன.