விலாங்குசல்லித் தீவு எங்கே போனது?

 கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நம் ஊர்ப் பக்கம் நான்கு: வான்தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி. இதில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்கு அடியில். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் அப்படியே.

காரணம், பவளக்கல் வெட்டியது. தீவுக்கு முன்னால் பவளப்பாறை நின்றால் அலை அங்கேயே உடைந்துவிடும். பாறையைப் பெயர்த்தால் அலை நேரே மணலில் வந்து அறையும். வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்து வந்த கல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, வீடு கட்டவும் போனது. பழைய சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் தேனடை போலத் துளை துளையாகத் தெரிவது அந்தக் கல்தான். வெட்டியவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது அன்றைய கூலி. அந்தச் சுண்ணாம்பு பூசிய வீட்டில் குடியிருந்தது நாம் எல்லோரும்தானே.

1986இல் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. ஆனாலும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் சேர்த்தார்கள். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில்தான் வெட்டு நின்றது.

இதை இப்போது எழுதக் காரணம், வெளியூரில் இருக்கும் மாணவன் ஒருவன். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான். இரண்டடித் தொட்டியை நாலடி ஆக்கப்போகிறானாம். "சார், செலவு கையைக் கடிக்குது. நம்ம ஊர்ல பவளக்கல்லு சல்லிசா கிடைக்குமா?" என்று கேட்டான்.

வேண்டாம் தம்பி. உயிருள்ளதோ செத்ததோ, எடுத்தால் குற்றம். சிமெண்டில் நீயே கல் வார்த்துக்கொள். வாரக்கணக்கில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு, காரம் இறங்கிவிடும். தொட்டியில் போட்டபின் நுண்ணுயிர் குடியேறக் கொஞ்ச நாள் பொறு. 2×1×1 அடித் தொட்டி 56 லிட்டர். 4×1½×1½ என்றால் 255 லிட்டர். தண்ணீர் கூடக்கூடச் சூடும் உப்பும் சட்டென்று மாறாது, அதனால் பெரிய தொட்டி நல்லதுதான். லிட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் 9 கிலோ உப்பு பிடிக்கும். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்று. தண்ணீர் போகும், உப்பு அங்கேயே நிற்கும். உப்பளத்து ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீனும் பண்ணையில் பொரித்ததாகப் பார்த்து வாங்கு. கோமாளி மீனை மண்டபத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள்.

தொட்டியில் வளர்ப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சுவாமி குழு 1973இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியது. 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் பொரிக்க வைத்தார்கள். அதன்பின் குஞ்சுக்காக முத்துப்பாரைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வான்தீவுக்கும் இப்போது சிமெண்டுக் கல்தான் துணை. 1969இல் அது 20 ஹெக்டேர். 2015இல் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. அந்த ஆண்டு முதல் துளை வைத்த கான்கிரீட் அமைப்புகளைத் தீவுக்கு முன்னால் கடலில் வரிசையாக இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்து, கரையில் மணல் சேர்ந்தது. அந்தக் கான்கிரீட் மேல் இப்போது பவளம் தானாகவே ஒட்டி வளர்கிறது.