கடாரத்து மண்ணும் தோட்டத்து நினைவுகளும்

சோழப் பேரரசர் முதலாம் இராசேந்திரர் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தி, "கடாரம் கொண்டான்" எனும் விருதுப் பெயர் பெற்றார். அக்கடாரமே நாம் வாழும் கெடா மாநிலம் என்பதை நம்மில் அறியாதார் இலர். பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் எச்சங்களும், மெர்போக்கில் அமைந்துள்ள தொல்பொருள் காட்சியகமும் இம்மண்ணின் தொன்மைக்குச் சான்று பகர்கின்றன.

எனினும், நம் பாட்டன் பாட்டியர் சோழரின் மரக்கலங்களில் வந்தவர் அல்லர். இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டக் கங்காணிமாருடன் வந்தவர்கள். அவர்தம் வரலாறு எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

ஆயினும் அது அழிந்துவிடவில்லை. சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ திருவிழாவில் முதியவர் இருவர் சந்தித்தால், "எந்தத் தாமான்?" என்று கேட்பதில்லை, "நீங்கள் எந்தத் தோட்டம்? எத்தனையாவது டிவிஷன்?" என்றே வினவுகின்றனர். தோட்டம் மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்னரும் அதுவே அவர்தம் ஊர்.

அரசுப் பணியில் இருக்கும் அடியேன் நில வரைபடங்களைக் கண்டு பழகியவன். அவற்றில் லாட் எண்களும் எல்லைக் கோடுகளும் உண்டு. லயமும் பெரட்டுக்களமும் இரா. என் பாட்டியார் பட்டணத்துக்குச் செல்லும் வழியில் ஒரு சாலை வளைவில் தவறாமல் கைகூப்புவார். 1943இல் அவருடைய தமையனார் சயாம் மரண இரயில் பாதை வேலைக்காக லாரியில் ஏற்றப்பட்ட இடம் அது. அவர் திரும்பி வரவேயில்லை. இன்று அங்கே கடைவீடுகள் நிற்கின்றன. அவ்வளைவைக் கடக்கையில் என் கைகளும் தாமே குவிகின்றன; என் பிள்ளைகளுக்கோ அது வெறும் சாலை.

இத்தகைய இடங்கள் கெடாவில் பல. பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்து, கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது; 1947இல் காவல் துறையுடன் மோதலும் நேர்ந்தது. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதன்முதலில் வாங்கிய புக்கிட் சிடிம் தோட்டமும் கெடாவிலேயே உள்ளது. தோட்டத் துண்டாடலால் வீடிழந்து தவித்த காலத்தில், தொழிலாளர் தம் சேமிப்பைக் கொண்டு பெற்ற நிலம் அது.

2013இல் பீடோங் வட்டாரத்துச் சுங்கை பத்துவில், சண்டி 11 எனப்பட்ட பழங்கோயிலின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்நிலம் தனியாருடையது, மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவு பெறாதது என்று அப்போது விளக்கம் கூறப்பட்டது. ஆய்வாளர் அகழ்ந்து எண்ணிட்ட கட்டடத்துக்கே இக்கதி என்றால், எவ்வேட்டிலும் ஏறாத நம் பெரட்டுக்களங்களும் இடுகாடுகளும் எம்மாத்திரம்?

ஆதலால் பக்தப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்திருவிழாவுக்கு வரும் முதியோரை வணங்கி ஆசி பெறும்போது, அவர்தம் தோட்டத்தின் பெயரையும், அங்கிருந்த கோயிலையும், உடன் வாழ்ந்தோரையும் கேட்டு, ஆண்டு விவரத்துடன் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். ஆலய நிருவாகமும் அவற்றைத் தொகுத்துக் காக்குமாயின், நம் பிள்ளைகளும் அச்சாலை வளைவின் கதையை அறிவர்.