முள்ளிவாய்க்கால் வைத்தியர்கள்: துணிவு பற்றிய சில குறிப்புகள்

வன்னியின் வரலாறு பெரும்பாலும் ஆயுதம் ஏந்தியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன், 1803 ஒக்டோபர் 31 இல் கப்டன் வொன் ட்ரிபேர்க்கிடம் தோல்வியுற்றதைக் கூறும் கற்சிலைமடு நடுகல்லில் இன்னும் நிற்கிறான். அவனுக்குப் பின் வந்த இருநூறு ஆண்டுகளிலும் வாளுக்கும் துவக்குக்கும் கிடைத்த பக்கங்கள் ஏராளம். ஊசிமருந்துக்கும் பதிவேட்டுக்கும் கிடைத்த பக்கங்கள் மிகச் சில. 2008 செப்டெம்பரிலிருந்து 2009 மே வரை வன்னிக்குள் தங்கிநின்ற அரசாங்க வைத்தியர்களைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன்.

1990 ஒக்டோபரில் தண்ணீரூற்றிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஒதுங்கிய குடும்பமொன்றின் பிள்ளை நான். ‘உனக்கு இதில் என்ன?’ என்ற கேள்வி இரு பக்கத்திலிருந்தும் வரும். அக்கேள்விக்கான விடை இக்கட்டுரையின் பிற்பகுதியில் இருக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. நிலம் புலிகளுடையது, காவல்துறையும் நீதிமன்றும் அவர்களுடையவை. ஆனால் கச்சேரி, பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றில் வேலை செய்தோர் இலங்கை அரசாங்கத்தின் உத்தியோகத்தர்கள். சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. மருந்தும் கொழும்பிலிருந்தே வரவேண்டும். ஒரு கிராம உத்தியோகத்தர் காலையில் அரசாங்கப் படிவத்தை நிரப்புவார். மாலையில் புலிகளின் கூட்டத்துக்கு அழைக்கப்படுவார். இரண்டு எசமானர்களுக்கு நடுவே, இரண்டு பேரையும் கோபப்படுத்தாமல் சனங்களுக்கு வேலை பார்ப்பதே அங்கு நிர்வாகம் எனப்பட்டது. கிளிநொச்சி மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் சத்தியமூர்த்தி, முல்லைத்தீவு மாவட்டத்தின் பணிப்பாளர் வரதராஜா, முல்லைத்தீவு வைத்தியசாலைக்குப் பொறுப்பாயிருந்த சண்முகராஜா ஆகியோர் இந்த ஏற்பாட்டுக்குள் வேலை செய்தவர்கள். இளஞ்செழியன் பல்லவன், சிவபாலன் ஆகியோரும் கடைசிவரை உள்ளே இருந்தனர்.

2008 செப்டெம்பர் 16 இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியைவிட்டுப் புறப்பட்டனர். போகவேண்டாமென்று சனங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டது படமாகவே பதிவாகியிருக்கிறது. அதன்பின் வன்னிக்குள் வெளியுலகின் கண்ணாக எஞ்சியவை மிகக் குறைவு. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் வீழ்ந்தது. வைத்தியசாலை அதற்கு முன்பே கட்டிலோடும் பெட்டியோடும் கிழக்கு நோக்கி நகரத் தொடங்கிவிட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு என்று அந்த இடப்பெயர்வின் பெயர்ப்பட்டியல் நீளும். ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீண்டும் மீண்டும் ஷெல் வீச்சுக்கு இலக்கானது. குறைந்தது ஒன்பது தடவைகள் அது நேரடியாகத் தாக்கப்பட்டதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவுசெய்தது. அங்கிருந்து நோயாளரைத் தூக்கிக்கொண்டு புதுமாத்தளன் பாடசாலைக் கட்டடத்துக்குப் போனார்கள். கடைசியில் முள்ளிவாய்க்கால். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அதற்கு அப்பால் போக இடமில்லை.

இந்த மாதங்களில் அவர்கள் செய்த வேலையை வீரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. அது நாளாந்த வேலை. மயக்கமருந்து தீர்ந்துபோனது. பழைய சேலைகள் கிழித்துக் காயங்களுக்குக் கட்டப்பட்டன. கசாப்புக் கத்தியால் அவயவம் துண்டிக்க நேர்ந்ததையும், இரத்தம் இல்லாதபோது நோயாளியின் உடலிலிருந்து வழிந்த இரத்தத்தையே துணியால் வடித்து அவருக்கே திரும்ப ஏற்றியதையும் அதே நிபுணர் குழு குறித்திருக்கிறது. வைத்தியர்களோடு தாதியரும், சிற்றூழியரும், காவலாளிகளும், அப்போதுதான் முதலுதவி பழகிய பிள்ளைகளும் நின்றார்கள். அவர்களில் பலர் அங்கேயே மாண்டனர். பணிப்பாளர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும்; தறப்பாளுக்குக் கீழே சேலைன் போத்தலைக் கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றவரின் பெயர் தெரியாது.

2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல்வழியாகக் காயப்பட்டோரை வெளியேற்றியது. ‘கிறீன் ஓஷன்’ கப்பல் கரைக்கு வரமுடியாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சிறு வள்ளங்களில் நோயாளரை ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோகவேண்டும். காயப்பட்டோர், நோயாளர், அவர்களோடு சென்ற உறவினர் எனச் சுமார் 14,000 பேர் அவ்வாறு வெளியேறினர். மார்ச்சில் புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒரு கள வைத்தியசாலையை அமைத்தபின் கப்பல்கள் அங்கு வந்தன. புல்மோட்டை பெரும்பாலும் நம்மவர் வாழும் ஊர் என்பதை இங்கு நினைவூட்டிக்கொள்கிறேன். மாத்தளனில் கால் இழந்து ஏறிய ஒரு தமிழ்த் தாய், தரையைத் தொட்ட முதல் இடம் பாங்கொலி கேட்கும் ஊராக இருந்தது.

ஒவ்வொரு கப்பலுக்கும் கரையில் காத்திருந்தோர் அதன் கொள்ளளவைவிடப் பல மடங்கு. யாரை ஏற்றுவது? நாளை இறந்துவிடக்கூடியவரையா, ஏற்றினால் பிழைக்கக்கூடியவரையா? தாயை அனுப்பினால் பிள்ளையை யாரிடம் விடுவது? கட்டிலுக்குக் கட்டில் போய் இந்தக் கேள்விகளுக்கு ஒரு மனிதன் பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, ஏற்றப்படாதவரின் முகத்தை மறுநாள் காலையும் பார்த்து, கட்டுமாற்றவும் வேண்டியிருந்தது. மேடையில் நின்று ஒரு இலட்சம் பேருக்குக் கட்டளையிடுவதைவிட இது கடினமான தலைமை என்பது என் எண்ணம். மேடைத் தலைவருக்குத் தன் முடிவால் இறந்தவரைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மருத்துவத்துக்கு அடுத்து அவர்கள் செய்த இரண்டாவது வேலை, கணக்குச் சொன்னது. உள்ளே இருக்கும் மக்கள் தொகை ஏறத்தாழ 70,000 என்ற எண் அரசாங்கத் தரப்பில் சொல்லப்பட்டு, உணவும் மருந்தும் அதற்கேற்ப அளக்கப்பட்டன. முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபராயிருந்த பார்த்தீபன் சுமார் 330,000 என்றார். போர் முடிந்தபின் முகாம்களில் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 290,000. எண்ணிக்கை என்பது அங்கே அரிசியும் மருந்துமாயிருந்தது. மார்ச்சில் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதினர். அடிப்படை வசதியும் அத்தியாவசிய மருந்தும் கிடைத்திருந்தால் வைத்தியசாலையில் நிகழ்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். சம்பளம் தரும் அமைச்சுக்கே ஓர் உத்தியோகத்தர் இப்படி எழுதுகிறார். செய்மதித் தொலைபேசியில் வெளிநாட்டு ஊடகங்களிடமும் இறந்தோர், காயப்பட்டோர் எண்ணிக்கையைச் சொன்னார்கள். மறுபக்கத்தில் புலிகள் நின்றார்கள். வெளியேற முயன்ற சனங்களைச் சுட்டவர்கள், பிள்ளைகளை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனவர்கள், சனங்களின் நடுவிலிருந்து ஷெல் அடித்தவர்கள். அவர்களைப் பற்றி அதே தொலைபேசியில் பேச வைத்தியர்களால் முடிந்திருக்காது. இதையும் சேர்த்தே அவர்களது சாட்சியத்தை வாசிக்கவேண்டும்.

மே 12 இல் முள்ளிவாய்க்கால் வைத்தியசாலை தாக்கப்பட்டது, மறுநாளும் தாக்கப்பட்டது. வரதராஜா காயமடைந்தார். மே 15 அளவில் வைத்தியர்கள் வெளியே வந்தார்கள். வந்தவுடன் தடுத்துவைக்கப்பட்டார்கள்.

2009 ஜூலை 8 அன்று கொழும்பில் ஊடகவியலாளர் மாநாடொன்றில் இந்த ஐவரும் அமர்த்தப்பட்டனர். தாங்கள் முன்பு சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் அழுத்தத்தால் சொல்லப்பட்டவை என்றனர். ஜனவரியிலிருந்து மே நடுப்பகுதிவரை இறந்த பொதுமக்கள் 650 முதல் 750 வரை மட்டுமே என்றனர். தடுப்புக்காவலில் இருப்பவர் பேசிய பேச்சு அது. ஆகஸ்டில் பிணையில் வெளிவந்தனர். 40,000 வரையிலான பொதுமக்கள் மரணம் நிகழ்ந்திருக்கலாம் என்பதை மறுக்கமுடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு பின்னர் கூறியது. வரதராஜா அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தபின், அன்று பேசியது நிர்ப்பந்தத்தில் பேசியதே என்று வெளிப்படையாகச் சொன்னார். சத்தியமூர்த்தி நாட்டிலேயே தங்கி, பிற்காலத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார்.

மே மாதம் அவர்களைத் தெய்வம் என்றவர்களில் சிலர் ஜூலையில் கோழைகள் என்றனர். பாதுகாப்பான தேசங்களில் இருந்து இதைச் சொல்வது எளிது. நமது மரபில் இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. மக்காவில் அம்மார் பின் யாசிர் (ரலி) அவர்களின் தாய் சுமையாவும் தந்தை யாசிரும் சித்திரவதையில் கொல்லப்பட்டனர். அம்மாரும் சித்திரவதைக்கு ஆளாகி, எதிரிகள் கேட்ட சொற்களைச் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்த அவரை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. உள்ளம் எவ்வாறு இருக்கிறது என்று கேட்டார்கள். ஸூரத்துந் நஹ்லின் 106 ஆம் வசனம் நிர்ப்பந்திக்கப்பட்டவருக்கு விலக்களிப்பதை இச்சம்பவத்தோடு சேர்த்தே விளக்கவுரையாளர் பேசுவர். மனித உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்த மார்க்கம் இது. சுமையாவின் உறுதியைக் கொண்டாடும் அதே மரபு, அம்மாரின் கண்ணீரையும் ஏற்றுக்கொள்கிறது. எல்லோரிடமும் சுமையாவாக இருக்கும்படி கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

இங்கேதான் ‘உனக்கு இதில் என்ன?’ என்ற கேள்விக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவு மாவட்டத்தில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முல்லைத்தீவு நகரம் எல்லாம் வெறுமையாகின. அகதி முகாம்களின் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த எங்கள் தலைமுறை ஒரு கேள்வியைக் கேட்டே வளர்ந்தது: பக்கத்து வீட்டுத் தமிழர் ஏன் வாய் திறக்கவில்லை? எங்கள் பெரியவர்களோ, அந்த அயலவர் படலையில் நின்று அழுததையும் சொன்னார்கள். அழுகையை எங்களால் ஏற்க முடிந்தது. மௌனத்தை ஏற்க முடியவில்லை. 2002 ஏப்ரல் 10 இல் கிளிநொச்சியில் நடந்த ஊடகவியலாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். மூன்று நாள்களின் பின் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட்டனர். தலைவர்கள் பேசிக்கொண்டதால் படலையில் நின்று அழுதவருக்கும் எங்களுக்கும் இடையிலிருந்த கணக்கு தீரவில்லை.

ஜூலை 8 மாநாட்டின் படத்தில் அந்த ஐந்து முகங்களையும் பார்த்தபோது அக்கணக்கின் ஒரு பகுதி எனக்கு விளங்கிற்று. ஷெல்லுக்கு நடுவே நான்கு மாதம் அசையாமல் நின்ற மனிதரையும் காவலில் வைத்துப் பேசவைக்க முடிகிறது. அப்படியென்றால் துவக்குக்கு முன்னால் பேசாமல் நின்ற ஒரு சாதாரண அயலவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எப்படி வாசிப்பது? அதேவேளை இந்தச் சலுகைக்கு எல்லை உண்டு. துவக்கு எட்டாத தூரத்தில், கொழும்பிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு 1990 பற்றி மௌனம் காத்தவர்களை இது மூடாது. 2009 மே பற்றி, ‘எங்களைத் துரத்தியவர்களுக்கு இது வேண்டியதுதான்’ என்று நம்மிடையே பேசியவர்களையும் இது மூடாது. அப்போது சாகக்கிடந்தவர்களில் நம்மைத் துரத்தியவர் எத்தனை பேர், 1990 இல் பிறந்தேயிராத குழந்தைகள் எத்தனை பேர்?

போருக்குப் பின் நம்மவர் சிலர் முல்லைத்தீவுக்குத் திரும்பினர். காடு வளர்ந்த காணியும், உறுதி இல்லாத வழக்கும், ‘இப்போது ஏன் வந்தீர்கள்?’ என்ற பார்வையும் அவர்களை எதிர்கொண்டன. அயலவராயிருப்பதை இரு தரப்பும் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது. அதற்குப் பெரிய தலைவர்கள் இனி வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தவர்கள் செய்ததைப் பார்த்தாயிற்று. ஒரு கிராம உத்தியோகத்தர் நேர்மையாக எழுதும் காணிப் பதிவு, ஒரு பாடசாலை அதிபர் இரு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்துவது, ஒரு தாதி பெயரைப் பார்க்காமல் காயத்தைப் பார்ப்பது ஆகியவை போதும் என்று சொல்லமாட்டேன். ஆனால் இவை இல்லாமல் எதுவும் தொடங்காது.

ஒவ்வொரு மே 18 இலும் முள்ளிவாய்க்காலில் விளக்கேற்றுகிறார்கள். உப்பிட்ட கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் புத்தளத்தில் நாம் வெளியேற்றத்தை நினைவுகூருகிறோம். இரண்டு இழப்புகளும் நிகழ்ந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இல்லை. தண்ணீரூற்றுப் பள்ளிவாசலுக்கும் முள்ளிவாய்க்கால் மணலுக்கும் இடையே ஒரு முச்சக்கரவண்டி ஓடும் தூரம்தான். கஞ்சி கொடுக்கும் நாளில் நம்மில் நாலுபேர் போய் ஒரு சிரட்டை வாங்கிக் குடிக்கலாம். ஒக்டோபரில் அங்கிருந்து நாலுபேர் வரலாம். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்ற நிபந்தனை அன்று தேவையில்லை. பக்கத்தில் இருந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு வந்தால் போதும்.